நிற்க வேண்டிய மரங்கள்

மார்ச் 11

தம்பிக்கு,

‘அன்புள்ள’ன்னு எழுதிட்டு அடிச்சிருக்கேன். அடிச்சது உன் கண்ணுல படணும்னுதான் வேற தாள் எடுக்கல.

போன் பண்றதை நிறுத்து. எடுத்தா நான் கத்துவேன், நீ கத்துவே, கடைசியில சிக்னல் சரியில்லன்னு வெச்சுடுவே. எழுது. கடிதாசுக்கு சிக்னல் போகாது.

நேத்து சாயங்காலம் பொண்ணு வீட்டுலேருந்து வந்து இறங்கினேன். பேத்தி பிறந்த சந்தோஷத்துல வந்தேன். உன் மாமா வாசல்ல நின்னுக்கிட்டு, ‘டீ போடட்டுமா?’ன்னார். கல்யாணமான இத்தனை வருஷத்துல அவர் கேட்காத கேள்வி. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

பையை வெச்சுட்டு நேரா நம்ம காட்டுக்குப் போனேன். ஓடைப் பக்கத்து ஓக் மரம் வெட்டிக் கிடக்கு. மேட்டுல இருந்த ரெண்டு ஓக்கும் கிடக்கு. வெள்ளைப் பட்டை பிர்ச் மரமெல்லாம் கிடக்கு. இருக்கறதுலயே தடியா, வேர் ஊன்றி நின்ன பைன் அத்தனையும் கிடக்கு. நான் அடிச்ச ஆரஞ்சு பெயிண்ட் வளையத்தோட, ஒண்ணு விடாம.

பெயிண்ட் அடிச்சது நிக்க வேண்டிய மரம்டா! சுத்தி நின்னு அதுங்களை நெருக்கற நோஞ்சான் பைனைத்தான் நீ எடுக்கணும்.

நாங்க வாங்கும்போது அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு நீ பார்த்தவன். பேப்பர் மில்காரன் கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசை வரிசையா நட்டுட்டுப் போன பைன். எல்லாம் ஒரே வயசு, ஒரே உயரம். உள்ள போனா பட்டப்பகல்ல டார்ச் வேணும். கீழ காஞ்ச ஊசியிலைதான் மெத்தை மாதிரி. ஒரு புல் கிடையாது, ஒரு குருவிச் சத்தம் கிடையாது. அதுக்குள்ள, பறவை புதைச்சுட்டு மறந்துபோன ஏதோ ஒரு விதையிலேருந்து, வெளிச்சத்தைத் தேடி வளைஞ்சு வளைஞ்சு வளர்ந்ததுங்க அந்த ஓக். தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன். பதினோரு வருஷமா, ஒவ்வொரு குளிர்காலமும் பக்கத்துப் பைனைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெளிச்சம் விட்டுக்கிட்டு இருந்தேன். மொத்தமா வெட்டாம, மொத்தமா நடாம, அதுவாவே காடாகட்டும்னு. அந்த ஓக் உதிர்க்கற விதைதான் நாளைக்குக் காடு. அது வரைக்கும் காத்துக்குச் சுவர் அந்தத் தடிச்ச பைன். விதையும் போச்சு, சுவரும் போச்சு.

பொண்ணு பிரசவத்துக்குப் போகும்போது இந்த வருஷத்து வேலைக்கு வேற ஆளை விடாம உன்னைக் கூப்பிட்டதுக்குக் காரணம், நாடு நாடா மரம் வெட்டறவன், கூடப் பிறந்தவன், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு. நான்தான் கண்ணை மூடினேன்னு பார்த்தா நீயும் மூடிக்கிட்டுதான் வெட்டியிருக்கே.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நான் ‘அன்புள்ள’ எழுதவே இல்ல. அடிக்கற வேலை மிச்சம்.

உன் கடிதம் நேத்து இந்த கேம்ப்புக்கு வந்துச்சு. ஆறு பேர் படுக்கற தகரக் குடிசை, மூணு நாளா மழை, காயாத சாக்ஸ் நாத்தம். இதுக்கு நடுவுல உன் திட்டு. வாசிச்சுட்டு வெளியில போய் மழையில நின்னேன்.

நான் வேலை பார்த்த எந்த மூலைக்கு வேணா போய்க் கேளு. மரத்துல பெயிண்ட் அடிச்சா வெட்டுன்னு அர்த்தம். நிக்கற மரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு அழகு பார்க்கற ஒரே ஆள் நீதான்.

நீ போன்ல என்ன சொன்னே? ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு, பின்னாடி யாரோ அழற சத்தத்துல, ‘பெயிண்ட் அடிச்ச மரத்தையெல்லாம் பார்த்துக்கோடா’ன்னே. மரம் வெட்டறவன்கிட்ட மரத்தைப் பார்த்துக்கோன்னா என்னக்கா அர்த்தம்? கசாப்புக் கடைக்காரன்கிட்ட ஆட்டை விட்டுட்டு, ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ன்னு போற மாதிரி இருக்கு.

நான் ஒண்ணும் குருட்டாம்போக்குல வெட்டல. கோணல் மரத்துக்கு வளையம் இருந்துச்சு; சரி, அக்கா கோணலைக் கழிக்கறாள்னு நினைச்சேன். தடிச்ச பைனுக்கு இருந்துச்சு. சரி, வெட்டற பருவம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். எல்லாம் கணக்காத்தான் பட்டுச்சு. ஓடைக்கிட்ட இருந்த ஓக்குல மட்டும் எனக்குக் கை வரல. ரம்பத்தை அணைச்சுட்டுப் போய்...

சரி, விடு. வெட்டினது நான். கை என்னுது, ரம்பம் என்னுது. திட்டறதை என்னையே திட்டிக்கோ.

பேத்தி யார் ஜாடை? அதைக்கூட எழுதத் தோணல உனக்கு.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

பேத்தி உன் ஜாடை. சொன்னதைக் கேட்காம கத்திக்கிட்டே இருக்கு.

போன வாரம் இங்க புயல் அடிச்சுது. நான் பயந்த மாதிரியே ஆச்சு. நீ விட்டுட்டுப் போன நோஞ்சான் பைனெல்லாம் ஒண்ணை ஒண்ணு சாஞ்சு நின்னதுங்க. தனியா நிக்க எங்கே தெரியும்? ராத்திரி முழுக்க மளமளன்னு சத்தம். எனக்குக் காலையில முதல் டிரிப். டிப்போவிலேருந்து பஸ்ஸை எடுத்துக்கிட்டு வரேன். நம்ம இடத்து வளைவுல ரோடே தெரியல. குறுக்க பைன், அது மேல பைன். வேரோட மண்ணையும் சுவர் மாதிரி பேத்துக்கிட்டு விழுந்திருக்கு.

பஸ்ஸுல ஒரு நர்ஸு, பால் பண்ணைக்காரர், ஸ்கூல் பசங்க. பால் பண்ணைக்காரர் எட்டிப் பார்த்துட்டு, “எவன்டா இது, ரோட்டோரத்துல குச்சி வளர்க்கறவன்? புத்தி வேண்டாம்?”னார்.

“என்னுதுதான்”னேன். “இறங்கிக் கை குடுக்கறீங்களா, உட்கார்ந்தே திட்டறீங்களா?”

அவருக்கு முகம் தொங்கிப்போச்சு. இறங்கினார். எல்லாரும் இறங்கினாங்க. கிளையை இழுத்துப் போட்டு ஒரு வண்டி போற அளவுக்கு வழி பண்றதுக்குள்ள நர்ஸோட டியூட்டி நேரம் போச்சு. அந்தப் பொண்ணு வாட்சைப் பார்த்துட்டு மறுபடியும் கிளையை இழுத்தா. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டுது. யூனிபாரத்தோட, என் சொந்த மரத்தை, என் சொந்த பஸ் முன்னாடி நின்னு இழுத்துக்கிட்டு இருந்தேன். பேர் கெட்டது எனக்கு. மரம் வெட்டினவன் சௌகரியமா மழையில நின்னுக்கிட்டு இருக்கான்.

மறுநாளே ரம்ப மில்காரர் வந்தார். எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு வர்ற ஆள்தானே. “மொத்தத்தையும் வழிச்சு எடுத்துக்கறேன்மா. தரையைச் சுத்தம் பண்ணி, புதுசா பைன் கன்னு வரிசையா நட்டும் தரேன். உங்களுக்குத் தலைவலி இல்ல”ன்னார். உன் மாமா பக்கத்துல நின்னு தலையை ஆட்டறார். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி செஞ்சு விக்கறவர், என் முகத்தைப் பார்க்காம தலையை ஆட்டறார். வரிசையா நட்டதை ஒழிக்கத்தான் இத்தனை வருஷம் முதுகு ஒடிஞ்சேன், போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

ஒரு கேள்வி. ஓடை ஓக்குகிட்ட ரம்பத்தை அணைச்சுட்டு எங்கே போனே? பாதியில நிறுத்தறதுக்கு நீ எழுதவே வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

விழுந்ததை நீயே அறுக்கப் போகாதே. முக்கியமா, முழுசா விழாம வேற மரத்துல சாஞ்சு தொங்கிக்கிட்டு இருக்கும் பாரு, அது கீழ தலையை நீட்டாதே. அது எப்ப வழுக்கும்னு எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. இங்க போன வருஷம் அப்படித்தான் ஒருத்தனுக்கு இடுப்பு போச்சு. எனக்கு ஜூலை வரைக்கும் ஒப்பந்தம். முடிஞ்சதும் நான் வந்து எடுத்துத் தரேன். பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல. எல்லாத்தையும் என்னையே கேட்காதே. அன்னிக்கு அங்க நான் ஒருத்தன் மட்டும் இல்ல.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நீ எழுதினது புரிஞ்சுது. கேட்டுட்டேன்.

சாப்பிட்டு முடிச்சு அவர் தட்டு கழுவிக்கிட்டு இருந்தார். இப்பல்லாம் தட்டு கழுவறார், டீ போடறார், துணி மடிக்கறார். நான் கேட்டேன்: “என் தம்பி அன்னிக்கு உங்ககிட்ட வந்து என்ன கேட்டான்?”

தட்டைத் துடைச்சார். துடைச்ச தட்டையே மறுபடியும் துடைச்சார். “பெயிண்ட் அடிச்சதைத்தானே வெட்டணும்னு கேட்டான்.”

“நீங்க?”

“ஆமான்னேன்.”

“தெரியாம சொன்னீங்களா?”

அப்ப ஒரு பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். நம்பத் தயாரா நின்னேன். அவர் தட்டை வெச்சுட்டு, “தெரிஞ்சுதான்”னார்.

ஏன்னு கேட்டேன். அது வரைக்கும் பூனை மாதிரி பேசிக்கிட்டு இருந்தவர் கத்த ஆரம்பிச்சார். “பதினோரு வருஷமா இந்த வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு உண்டா? லீவு விட்டா காடு. மழை பெய்ஞ்சா காடு. பொண்ணு கல்யாணத்துக்கு முதல் நாள் நீ எங்க இருந்தே? காட்டுல. எனக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. முக்கியமான மரமெல்லாம் போச்சுன்னா நீ வெறுத்துப்போய் வித்துடுவே, பொண்ணு இருக்கற ஊருக்கே போயிடலாம்னு நினைச்சேன். போதுமா?”

போதும்னேன். இதை என் முகத்துக்கு நேரா ஒரு தடவை சொல்லியிருக்கலாமேன்னேன். “சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். நீ ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தே”ன்னார்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கிட்டு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டார். போகச் சொன்னது நான்தான்.

இப்ப உன்கிட்ட வரேன். அவர் மேல உள்ள கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கு, ஒரு கணக்கு இருக்கு. உன் மேல உள்ள கோபத்துக்கு அளவே இல்ல. ரெண்டு மாசமா உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு இருந்தியே, எதுக்குடா? நான் ஏமாளியா அந்த ஆள் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு, அவர்கிட்டயே உன்னைப் பத்திப் புலம்பியிருக்கேன். அவரும் உச்சுக் கொட்டினார். நீ எனக்குத் தம்பியா, அவருக்கு மச்சானா? ஒண்ணைச் சொல்லு.

அக்கா


மே 20

அக்கா,

இந்தத் தடவை உனக்குக் கோபப்பட உரிமை இருந்தா எனக்கும் இருக்கு.

ஏன் சொல்லலன்னு கேட்கறியே. சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இப்ப என்ன ஆச்சோ அதுதான் ஆகியிருக்கும். அவர் பெட்டியோட அங்க, நீ தனியா இங்க. என்னைத் திட்டினா எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெடும், அவ்வளவுதான். உன் வீடு ரெண்டாகறதுக்கு அது தேவலாம்னு நினைச்சேன். தப்புன்னா தப்பு.

ஆனா ஒண்ணு கேட்கறேன், பதில் சொல்லு. முதல் கடிதத்துலயே, ஒரு வார்த்தை விசாரிக்காம, ‘கண்ணை மூடிக்கிட்டு வெட்டினே’ன்னு எழுதினே. பதினேழு வயசுலேருந்து இந்த வேலை பார்க்கறேன். சும்மா ஒரு செடியைக்கூட மிதிச்சதில்ல. அந்த ஓக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியுமா? பக்கவாட்டுல போயிருந்த கிளையைப் பார்த்தேன், அடியில பாசியைப் பார்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்ந்ததை எங்க அக்கா வெட்டச் சொல்வாளான்னு யோசிச்சேன். வீடு வரைக்கும் நடந்து போய் மாமாகிட்ட கேட்டேன். திரும்பி வந்து இன்னொரு தடவை மரத்தைச் சுத்தி நடந்துட்டுதான் வெட்டினேன். என்னைப் பத்தி ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணினியே, அதுதான் எனக்கு ஆறல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இருக்கற கோபத்தோட இதுக்கும் சேர்த்துப் படு. புயல்ல மரம் விழுந்ததுக்கு நான் மட்டும் காரணம் இல்ல. போன ரெண்டு குளிர்காலத்துல, வெளிச்சம் வரட்டும்னு காத்து வர்ற பக்கத்து ஓரத்தையே திறந்து விட்டிருக்கே. ஓரத்து மரம்தான் காத்துல ஆடி ஆடி வேர் பிடிச்சது. அதைத் தொட்டிருக்கவே கூடாது. நான் அன்னிக்கே பார்த்தேன். பார்த்தும் சொல்லல, உன் காடு, நீ பெரிய ஆள்னு விட்டுட்டேன்.

நம்ம குடும்பத்துல யாரும் யார்கிட்டயும் எதையும் உரிய நேரத்துல சொல்றதில்ல. கத்தறது மட்டும் எல்லாரும் நல்லா கத்தறோம்.

மாமா பண்ணினது மன்னிக்க முடியாதது. ஆனா அவர் சொன்னதுல பொண்ணு கல்யாண விஷயம் உண்மை. நான் வந்துதான் உன்னை அங்கேருந்து கூட்டிக்கிட்டுப் போனேன். முழங்கால் வரைக்கும் சேறு.

தம்பி


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

மூணு மாசமா எழுதல. உன் கடைசிக் கடிதத்தை மூணு தடவை கசக்கி எறிஞ்சுட்டு மூணு தடவை எடுத்து நீவி வெச்சிருக்கேன். ஓரத்தைத் திறந்தது தப்புதான். போதுமா? இதை ரெண்டாவது தடவை எழுத வைக்காதே.

ஜூலையில வரேன்னே. வரல. ஒப்பந்தத்தை நீட்டிட்டாங்கன்னு உன் மாமா மூலமா தெரிஞ்சுது. அவருக்கு எழுதறே, எனக்கு எழுதல. பரவாயில்ல.

உனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அவர் வந்தார். நான் டியூட்டியில இருந்தேன். வீட்டுக்குள்ள போகாம, ஷெட்டுலேருந்து கை ரம்பத்தை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிருக்கார். பாதை மேல தொங்கிக்கிட்டு இருந்த பைனை அறுத்துத் தள்ளி எனக்கு ஆச்சரியம் குடுக்கறதா நினைப்பு. வாழ்க்கையில மூக்குக் கண்ணாடி ஸ்குருவைத் தவிர எதையும் கழற்றாத மனுஷன். மரம் வழுக்கித் தோள்ல விழுந்துடுச்சு. கழுத்தெலும்பு முறிஞ்சு, கால் கிளைக்கு அடியில மாட்டிக்கிட்டு அப்படியே கிடந்திருக்கார்.

டியூட்டி முடிஞ்சு வந்தேன். வாசல்ல அவர் பெட்டி இருந்துச்சு, ஆள் இல்ல. எனக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, ஓடினேன். கிளையை நெம்பி காலை எடுத்தேன், ஆம்புலன்சுக்குச் சொன்னேன், அது வர்ற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து திட்டினேன். வலிக்குதுன்னார். வலிக்கட்டும்னேன். சொல்லிக்கிட்டே என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். எனக்கு என் மேலயே எரிச்சல்.

அவர் மல்லாந்து கிடந்தபடியே, “இங்க வானம் தெரியுதே. நாம வாங்கினப்போ தெரியாதே”ன்னார்.

“வாயை மூடுங்க”ன்னேன்.

“இது என்ன செடி, காதுல உரசுது?”

பிர்ச் கன்னுடா. புயல்ல மரம் விழுந்த இடமெல்லாம் வெளிச்சம் பட்டு, முள்ளுச்செடியும் புல்லும் பிர்ச்சும் கும்பல் கும்பலா முளைச்சிருக்கு. பாதியை மான் மேய்ஞ்சுட்டுப் போயிடுச்சு. விழுந்த மரத்தோட கிளைங்களை வெட்டி, கன்னைச் சுத்தி முள்வேலி மாதிரி போட்டு வெச்சேன். உள்ள இருக்கறது தப்பிச்சுடுச்சு. விழுந்தது எல்லாமே குப்பைன்னு நினைச்சேன். இல்ல.

இன்னொண்ணு. நீ வெட்டின ஓக் அடிக்கட்டை மூணுலேருந்தும் துளிர் வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் கொத்துக் கொத்தா, என் முழங்கை உயரத்துக்கு. பார்த்ததும் சந்தோஷம் வரல, கோபம்தான் வந்துச்சு. அதுபாட்டுக்கு மன்னிச்சுடுச்சு, என்னை ஒரு வார்த்தை கேட்கல. அது மன்னிச்சதுக்காக நானும் மன்னிச்சேன்னு எடுத்துக்காதே.

அவர் இப்ப வீட்டுலதான் இருக்கார். ஒரு கை கட்டுல இருக்கு, தட்டு கழுவ முடியாது. இனிமே ஒரு ஞாயிறு காடு, ஒரு ஞாயிறு பொண்ணு வீடுன்னு பேசியிருக்கோம். காட்டுப் பக்கம் அவர் வர வேண்டாம், வித்துடுன்னும் சொல்ல வேண்டாம். ராசி எல்லாம் ஆகல. ஒரே வீட்டுல இருக்கோம்.

விழுந்து கிடக்கறதை எடுக்க ஆள் வேணும். கன்னு மேல இழுக்காம, துளிரை மிதிக்காம எடுக்கத் தெரிஞ்ச ஆள். இந்தப் பக்கத்துல விசாரிச்சேன். யாரும் இல்ல.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

மாமாவை ஏன் தொங்கற மரத்துகிட்ட விட்டே? நான் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும்! இதுவும் ‘உரிய நேரத்துல சொல்லாத’ கேஸ்தான். இப்ப எனக்குத்தான் கோபம் வருது, என்ன பண்றதுன்னு தெரியல.

யாரும் இல்லன்னு எழுதினே. ‘நீ வா’ன்னு எழுத உனக்குக் கை வராது. தெரியும். அக்டோபர் முதல் வாரம் கேம்ப்பை விட்டுக் கிளம்பறேன்.

என் நிபந்தனை சொல்றேன். ஒரே ஒரு பாதை போட்டு, அது வழியா மட்டும் கயித்து மெஷின் வெச்சு மரத்தை வெளியில இழுப்பேன். மெஷின் பாதையை விட்டு ஒரு அடி நகராது. பெரிய மரம் கொஞ்சத்தை அங்கேயே மக்கட்டும்னு விடப்போறேன். சுத்தமா இல்லன்னு மூக்கைச் சுளிக்காதே. காத்து வர்ற ஓரத்துல மிச்சம் நிக்கறதை நீயும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன். நிக்கற மரத்துல எதை எடுக்கணும்னாலும் நீ என் பக்கத்துல நின்னு வாயால சொல்லணும். நான் திருப்பிச் சொல்வேன். நீ ஆமான்னு சொன்னாதான் ரம்பத்தைப் போடுவேன். அவசரம், டியூட்டி, பிரசவம் எதுவும் பேசக் கூடாது.

அடிக்கட்டைத் துளிர்ல ஒவ்வொண்ணுலயும் நல்லதா ஒண்ணு ரெண்டை விட்டுட்டு மத்ததைக் கழிக்கணும். இந்த வருஷம் வேண்டாம். எதை விடறதுன்னு நாம ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிவு பண்ண நிறைய நாள் இருக்கு.

பேசுவியா, மாட்டியா? அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா நான் ஷெட்டுலயே படுத்துக்கறேன்.

தம்பி


செப்டம்பர் 29

தம்பிக்கு,

நிபந்தனை எல்லாம் சரி. மூக்கைச் சுளிக்க மாட்டேன்னு மட்டும் உறுதி குடுக்க முடியாது.

ஷெட்டுல எலி இருக்கு. பொண்ணு ரூம் காலியாத்தான் இருக்கு. சாப்பாடு போடுவேன். மாமாவோட நீ சிரிச்சுப் பேசினா மட்டும் போட மாட்டேன்.

நேத்து தனியா ஒரு சுத்து சுத்தி வந்தேன். இன்னும் முக்கால்வாசி பைன் வரிசைதான். ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் எடுத்து, முளைச்சதைக் காப்பாத்தி, அது பூத்துக் காய்ச்சு அதுவே விதைக்கற காலம் வர்றதுக்குள்ள நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். என் பேத்தி கிழவியாகி வந்து பார்த்தா ஒருவேளை காடுன்னு சொல்வா. அவ்வளவு நீளமான வேலை. அதனால நம்ம சண்டையை இந்த வருஷமே முடிச்சாகணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு குளிர்காலமும் வா. கொஞ்சம் கொஞ்சமா பேசித் தீர்த்துக்கலாம்.

டவுன்லேருந்து நம்ம பக்கத்துக்கு சாயங்காலம் ஒரே பஸ்தான், ஓட்டறது நான்தான். உனக்கு வேற வழி கிடையாது. ஏறு, டிக்கெட் எடு, முன் சீட்டுல உட்காராதே. வண்டி ஓடும்போது டிரைவரோட பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு.

அக்கா